காத்துவிழுங்கியின் ஒட்டியாணம்

சத்தியம். சத்தியம். மூன்றாவது தடவையும் சத்தியம். இந்தக் கதையில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் மீசை இந்த நிமிஷமே பொலபொலவென்று உதிர்ந்து விழட்டும். 'உமக்குத்தான் மீசையே கிடையாதே' என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அது போன தடவை கதை சொன்னபோது உதிர்ந்தது. அந்தக் கதையில் கொஞ்சம் கலப்படம் இருந்தது. இது சுத்த நிஜம். தள்ளி உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும்.

முன்னொரு காலத்திலே, காக்காய் வெள்ளையாக இருந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னால், ஏழரைமலை என்று ஒரு நாடு இருந்தது. ஏழு மலை முழுசு, ஒரு மலை அரை. மீதி அரையை ஒரு பூதம் பேர்த்துக்கொண்டு போய் ஆட்டுக்கல் செய்துகொண்டது. அந்த நாட்டு ராஜா மல்லநாதருக்கு ஒரே மகள், சம்பங்கி. தாயில்லாத பிள்ளை. அவளை வளர்த்தது ராஜாவின் அக்கா வடிவாம்பாள். மளிகை வைக்கும் அரண்மனை உக்கிராணத்துச் சாவியெல்லாம் வடிவாம்பாள் இடுப்பில்தான் தொங்கும். அவள் நடந்து வந்தால் கோவில் யானை வருகிறது என்று ஆட்கள் ஒதுங்குவார்கள். வாயும் அப்படித்தான். நல்ல மனசு, நீளமான நாக்கு.

சம்பங்கி சாப்பிடுவதைப் பார்த்தால் பக்கத்து இலைக்காரனுக்கும் பசி வரும். ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சுவாள். அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்குவாள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை, பெரியப்பா மகள் கல்யாணப் பந்தி வரைக்கும்.

அன்றைக்கு அவள் இரண்டாம் தடவை பாயசம் கேட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த வடிவாம்பாள் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"ஏண்டி சம்பங்கி, உனக்கு ஒட்டியாணம் செய்யணும்னா ஏழரை மலையையும் உருக்கினாக்கூடத் தங்கம் பத்தாது போலிருக்கே."

பந்தி மொத்தமும் சிரித்தது. வேடிக்கைக்குச் சொன்னதுதான். சம்பங்கியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தலையைத் தூக்கினால், எதிர் வரிசையில் அப்பா. கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்து, மேல்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு மீன்முள் மாதிரி அவள் தொண்டையில் குத்தி நின்றது. பாயசம் அதற்குமேல் இறங்கவில்லை.

இப்படி ஒரு முள் எங்கே குத்தினாலும் மோப்பம் பிடித்து வருகிறவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் காத்துவிழுங்கி. வயிறே இல்லாத மந்திரவாதி. அவனுக்கு ஆகாரம் காற்று மட்டும். பிறந்ததிலிருந்து ஒரு சமையலறை வாசலை மிதித்ததில்லை. நகை வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். காவல்காரன் கொடுத்த நீர்மோரைத் தொடவில்லை. கன்னம் இரண்டும் அகல் விளக்குக் குழி. கையில் ஒரு பெட்டி.

பெட்டியைத் திறந்தான். உள்ளே வரிசை வரிசையாகத் தங்கப் பொம்மைகள். எல்லாம் பெண் பொம்மைகள். இடுப்பு ஒவ்வொன்றும் புளியங்காய்க் காம்பு போல.

"எம்முடைய ஆபரணத்தை அணிந்தவர்கள் இவர்கள், இளவரசியாரே," என்றான். "இதோ, தங்களுக்கென்றே ஓர் ஒட்டியாணம். எவர் இடைக்கும் இது பற்றாமல் போனதே இல்லை."

"விலை என்ன?" என்றாள் சம்பங்கி.

"தங்களுக்கு வேண்டாத பொருள் ஒன்று. தங்கள் பசி."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தாள். "எடுத்துக்கோங்க," என்றாள்.

ஒட்டியாணம் இடுப்பில் ஏறியது. டக் என்று பூட்டிக்கொண்டது. கொக்கி எங்கே என்று தடவினாள், கொக்கியே இல்லை. அப்போது அது பேசியது. அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில், தலையைக் கோதிவிடுகிற மாதிரிப் பேசியது.

"எள்ளளவு இறுக்கட்டுமா, என் கண்ணு? எள்ளளவுதான்."

முதலில் ஊரே புகழ்ந்தது. என்ன களை, என்ன நடை என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ஒட்டியாணம் "பார்த்தியா?" என்றது. அம்மா இல்லாத பிள்ளைக்கு நாள் முழுக்கக் கூடவே இருந்து பேச ஒருத்தி கிடைத்த மாதிரி இருந்தது. எள்ளளவு இறுக்கட்டுமா, என் கண்ணு. எள்ளளவுதான்.

அப்புறம் ஒட்டியாணம் வட்டி வாங்க ஆரம்பித்தது. முதலில் நாக்கின் ருசி போனது. சர்க்கரையும் சாம்பலும் ஒன்றாகின. அடுத்து உடம்பின் சூடு போனது. உச்சி வெயிலில் மொட்டைமாடியில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினாள். கடைசியில் சிரிப்பு போனது. தோழிகள் பேசுவதெல்லாம் ஆற்றுக்கு அக்கரையில் யாரோ பேசுவது போல் ஆயிற்று. தலை வாரினால் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது.

இலை போட்டு யார் கூப்பிட்டாலும் அவள் வாய் வழியாக ஒட்டியாணமே பதில் சொன்னது: "வயிறு நிறைஞ்சிருக்கு." சாப்பிட்டதாகக் காட்டிக்கொள்ள என்னென்னவோ வித்தை கற்றுக்கொடுத்தது. அந்த வித்தைகள் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கதை சொல்கிறவனுக்கும் கொஞ்சம் வெட்கம் வேண்டும்.

ராஜாவுக்குப் புரிந்தபோது மகள் பாதியாகியிருந்தாள். கொல்லர்களை வரவழைத்தார். உளி வைத்தார்கள், உளி முறிந்தது. ஒட்டியாணம் பயந்து இன்னும் கெட்டியாகக் கட்டிக்கொண்டது. வைத்தியரை வரவழைத்தார். மலையைக்கூடப் பசியெடுக்க வைக்கும் கஷாயம் என்று ஒன்றைக் கொடுத்தார். வாசலில் கட்டியிருந்த கழுதை அதன் வாடையிலேயே கட்டுத்தறியைத் தின்றுவிட்டது, சம்பங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு விருந்து வைத்தார். அந்த அல்வாவில் விழுந்த கன்றுக்குட்டியை வெளியே இழுக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. சம்பங்கி அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்? சொல்லு, வாயைத் திறந்து சொல்லு," என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார் ராஜா.

சொல்லத்தான் நினைத்தாள். அப்பா, எனக்கு என்னமோ ஆயிட்டுது. வார்த்தை பல் வரைக்கும் வந்தது. ஒட்டியாணம் அதை மடக்கி, "வயிறு நிறைஞ்சிருக்குப்பா," என்று மாற்றி அனுப்பியது. அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் ஒட்டியாணம் எது, தான் எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இதைக் கழற்றிவிட்டால் மிஞ்சப்போவது யார்? யாராவது மிஞ்சுவார்களா? பிழைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும் ஒரு பசி வேண்டும். அதைத்தான் விற்றாயிற்றே.

நகக்கண்ணில் மஞ்சள் படர ஆரம்பித்தது. மஞ்சள் என்றால் பூசுகிற மஞ்சள் இல்லை, தங்கம். பெட்டியில் பார்த்த பொம்மைகள் அவளுக்கு நினைவு வந்தன. பயம்கூட வரவில்லை.

அரண்மனையில் அவளுக்குப் பிடித்த இடம் ஒன்று மிச்சம் இருந்தது. உக்கிராணத்துச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்புகள். ஆகவே சுவர் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். முதுகைச் சாய்த்து உட்காருவாள். வெறும் சுவர்தானே என்று ஒட்டியாணமும் விட்டுவிடும்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, வடிவாம்பாள் மளிகைக்குப் போகிற ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உளுந்து நிறைஞ்சிருக்கு. புளியும் நிறைஞ்சுபோச்சு. இன்னிக்கே வண்டியைக் கட்டுப்பா."

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீடுகளில் அரிசி, உப்பு, பருப்பு தீர்ந்துபோனால் 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்வோமா? இல்லை என்றால் இல்லாமலே போய்விடும் என்று, 'நிறைஞ்சிருக்கு' என்போம். சம்பங்கி பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. ஆனால் அன்றைக்குத்தான் அவள் எழுந்து போய் உளுந்துச் சாலுக்குள், அந்தப் பெரிய மண்பானைக்குள், எட்டிப் பார்த்தாள். அடிவரை இருட்டு. அடியில் ஒரே ஒரு வண்டு தனியாக நடந்துகொண்டிருந்தது.

"அத்தை," என்றாள்.

"என்னடி?"

"நான் நிறைஞ்சிருக்கேன்."

ஒட்டியாணம் சுகமாக ஒரு பெருமூச்சு விட்டது. தான் கற்றுக்கொடுத்த பாடம்தானே.

"அதான் தினம் பாடுற பாட்டாச்சே. தள்ளு, கணக்குப் பார்க்கணும்."

"இல்லை அத்தை." சம்பங்கி அந்தப் பானையை விரலால் தட்டினாள். அது டொங் என்றது. "இது நிறைஞ்சிருக்கே, அந்த மாதிரி. நான் ரொம்ப நாளா இப்படித்தான் நிறைஞ்சிருக்கேன்."

சமையலறையை மிதிக்காதவன் செய்த ஒட்டியாணத்துக்கு இது எங்கே புரியப்போகிறது? அது சந்தோஷமாக இருந்தது. வடிவாம்பாளுக்குப் புரிந்தது. சாவிக்கொத்து சத்தமில்லாமல் நின்றது. அவள் அந்தப் பானையைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், அப்படியே ஒரு வெல்ல மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தினம் அதைத்தான் சொன்னியாடி?"

"ம்."

"நானும் தினம் சரின்னுட்டுப் போனேனே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நான் பந்தியில சொன்னதாலயா?"

"தெரியலை அத்தை. அதுவும்தான்."

வடிவாம்பாளுக்கு விஷயம் புரிந்ததே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. முதலில் ஒரு இலை நிறையச் சாதத்தைக் குவித்துக் கொண்டுவந்தாள். சம்பங்கி அதைப் பார்த்ததும் ஒட்டியாணம் போட்ட இறுக்கில் மூச்சடைத்து விழுந்தாள். அடுத்து, அத்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதால் பெண்ணுக்கு இன்னும் குற்ற உணர்ச்சி; இருந்த இரண்டு வாய்க் கஞ்சியும் நின்றது. மூன்றாவதாக, தன் இலையைத் தூக்கிக்கொண்டு உக்கிராணத்துக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தனியா சாப்பிட எனக்குப் பிடிக்கலை. நீ சும்மா இரு, போதும்."

சம்பங்கியின் இலையில் நெல்லிக்காய் அளவு ரசம் சாதத்தை வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. யானைப்பாகனுக்கும் அவன் மாமியாருக்கும் நடந்த சண்டையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மாமியார் அங்குசத்தைத் தூக்கின இடத்தில் சம்பங்கியின் விரல் இலையைத் தொட்டது.

ஒரு வாய். சாம்பல் ருசி. உள்ளே ஒட்டியாணம் ஊளையிட்டது. அவள் முகம் போன போக்கை வடிவாம்பாள் கவனித்துவிட்டாள்.

"திட்டுதா?"

"ம்."

"என்னன்னு?"

"சொல்ல முடியாது அத்தை. அசிங்கமா."

"ஓஹோ. எனக்குத் திட்டத் தெரியாதாமா?" வடிவாம்பாள் அந்த இடுப்பைப் பார்த்து உட்கார்ந்தபடியே ஆரம்பித்தாள். "ஏ பித்தளை. உன் முலாம் உரிய. உன் மூட்டு கழல. உன்னை அடகுக்கடையில வச்சா அவன் திருப்பி எறிய. நாய்ச் சங்கிலிக்குக்கூட ஆகாம நீ துருப்பிடிச்சுப் போக."

சம்பங்கியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாய் இறங்கியது.

அப்புறம் எல்லாம் நல்லதாகப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு வாரம் எள்ளளவு தளர்ந்தால் மறுவாரம் இரண்டு எள்ளளவு இறுகியது. கஷாயத்தைக் கொட்டிவிட்டு வைத்தியரும் வந்தார். நாடி பிடித்து, எவ்வளவு மெதுவாகப் போகணுமோ அவ்வளவு மெதுவாகப் போங்கள், அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். ஒரு நாள் வடிவாம்பாளே பொறுமை போய் இலையைத் தூக்கி எறிந்தாள்; அன்று ராத்திரி முழுக்க இரண்டு பேரும் பேசவில்லை. காலையில் மறுபடி இலையோடு வந்தாள். சம்பங்கிக்கோ, வருகிற இலையெல்லாம் ஒரு தண்டனை. சாப்பிட்டால் ஒட்டியாணம் கொல்கிறது, சாப்பிடாவிட்டால் அத்தை முகம் கொல்கிறது. பசி மட்டும் வரவே இல்லை. பசியில்லாமல் சாப்பிடுவது, தாகமில்லாமல் கடலைக் குடிக்கிற மாதிரி.

ராஜா ஒரு நாள் உக்கிராணத்து வாசலில் வந்து நின்றார். "நான் என்னம்மா பண்ணட்டும்?"

"சாப்பிட வாங்கப்பா. என் இலையை மட்டும் பார்க்காதீங்க."

அவர் வந்தார். மகள் இலை கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கழுத்து சுளுக்கி, கிரீடம் ஒரு மாதம் கோணலாக நின்றது.

அந்தச் சமயத்தில்தான் காத்துவிழுங்கி திரும்பி வந்தான். பெட்டியை நடுச்சபையில் வைத்தான்.

"எம் பொம்மை இந்நேரம் ஆயத்தமாகியிருக்க வேண்டுமே. சரி, வழக்கப்படி மும்முறை வினவுவோம். மும்முறையும் மறுத்தால் இளவரசியார் இப்பெட்டிக்கு உரியவர். வேறு எவரும் வாய் திறக்கலாகாது."

ஒரு இலையில் சோறு வைக்கச் சொன்னான்.

"இளவரசியாரே, அன்னம் வேண்டுமா?"

எத்தனை பேர் பார்க்கிறார்கள். அத்தனை கண்ணும் அந்தக் கல்யாணப் பந்தியின் கண்கள். "வேணாம்," என்றாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் தங்கமாயிற்று.

"அன்னம் வேண்டுமா?"

எள்ளளவு, என் கண்ணு. இன்னும் எள்ளளவுதான். அப்புறம் யாரும் உன்னைக் கேட்கவே மாட்டாங்க. "வேணாம்." தங்கம் கழுத்து வரைக்கும் ஏறியது. வடிவாம்பாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னம் வேண்டுமா?"

சம்பங்கி தனக்குள்ளே தேடினாள். எங்காவது ஒரு துளிப் பசி ஒட்டிக்கொண்டிருக்குமா என்று மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். இல்லை. ஒரு வண்டுகூட இல்லை. பசி வரும், வந்ததும் கேட்கலாம் என்று காத்திருந்தால் அது வரப்போவதில்லை. அவள் வாயைத் திறந்தாள்.

"பசிக்கலை," என்றாள். காத்துவிழுங்கி பெட்டியின் தாழ்ப்பாளைத் தூக்கினான். "பசிக்கலை. ஆனா வேணும்."

"அதெப்படி? பசி எம்மிடம் அல்லவா உள்ளது?"

"பசியைத்தான் வாங்கினீங்க. வேணும்கிறதை நான் விற்கலையே."

அப்படியே இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கை தங்கமாகிவிட்டதால் பிசைய முடியவில்லை. வடிவாம்பாள் ஓடிவந்து ஒரு வாய் உருட்டி வைத்தாள். ராஜா உத்தரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்து மந்திரியும் உத்தரத்தைப் பார்த்தார், சேனாதிபதியும் பார்த்தார், சபை மொத்தமும் அண்ணாந்து நின்றது. யாரும் பார்க்காத அந்த இடத்தில் சம்பங்கி அழுதுகொண்டே விழுங்கினாள். ஒரு வாய்க்குக் கழுத்திலிருந்து தங்கம் இறங்கியது. அடுத்த வாய்க்கு முழங்கை விட்டது.

அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "எனக்கும்."

அப்புறம் இன்னொன்று. "எனக்கும்."

காத்துவிழுங்கிக்கு வெலவெலத்துப்போனது. பயத்தில் எக்கச்சக்கமாகக் காற்றை விழுங்கி, ஊதிப் பெருத்து, சாளரம் வழியாக மிதந்து அரைமலைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்தான். பெட்டியைத் திறந்தார்கள். குரல் மிச்சம் இருந்த பொம்மைகள் பெண்களாக எழுந்து உட்கார்ந்தன. குரல் போய்விட்ட பொம்மைகள் எழுந்திருக்கவில்லை. சம்பங்கி அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவற்றின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை.

இத்தோடு ஒட்டியாணம் தெறித்து விழுந்தது என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். சத்தியம் பண்ணித் தொலைத்தேனே. விழவில்லை. எள்ளளவு தளர்ந்தது, அவ்வளவுதான். அப்புறம் இருந்ததெல்லாம் வெறும் சாப்பாட்டு வேளைகள். காலை, மத்தியானம், ராத்திரி, மறுபடி காலை. நல்ல நாளில் மூன்று வேளை. கெட்ட நாளில் ஒரு வேளை, அதுவும் அழுகையோடு. உடம்பு மெல்லச் சூடானது. முதலில் திரும்பி வந்த ருசி இனிப்பு இல்லை, பாகற்காய்க் கசப்பு. அந்தக் கசப்பை அவள் வெகு நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒட்டியாணத்தின் குரல் ஓயவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரிக் கொஞ்சம் தள்ளிக் கேட்க ஆரம்பித்தது.

வருஷங்கள் போயின. அப்பாவுக்கு வயதாகி, சம்பங்கியே ராணியானாள். ஒரு நாள் ஏரிக்கரை உடைப்பைப் பார்க்கப் போயிருந்தாள். காலையிலிருந்து சேறு, சத்தம், ஆட்களோடு வாக்குவாதம். திரும்பி வந்தவள் காலைக்கூடக் கழுவாமல் நேரே சமையலறைக்குள் நுழைந்தாள்.

"அத்தை, பசிக்குது."

வடிவாம்பாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழல் வாயிலேயே நின்றது. திரும்பவில்லை. திரும்பினால் கண் தெரிந்துவிடும்.

"இரு. இப்பத்தான் உலை வச்சிருக்கேன்."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"வேகுறப்போ வேகும்."

"காலையிலிருந்து அலையுறேன் அத்தை. ஒரு ராணிக்கு வேளைக்குச் சோறு கிடையாதா இந்த வீட்டுல?" என்று எரிந்து விழுந்தாள் சம்பங்கி. முறத்தில் கிடந்த வேர்க்கடலையை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் வடிவாம்பாள் திரும்பி அவள் இடுப்பைப் பார்த்தாள். அங்கே சேலை மட்டும்தான் இருந்தது. ஒட்டியாணம் ஏரிக்கரைச் சேற்றில் எங்கேயோ, எந்த நேரத்திலோ நழுவி விழுந்திருக்கிறது. விழுந்தது அவளுக்கே தெரியாது. வடிவாம்பாளும் சொல்லவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

கதை அவ்வளவுதான், எழுந்திருங்கள். ஒன்றே ஒன்று. ஏழரைமலை ராணி சோற்றுக்கு அவசரப்பட்டு அத்தையிடம் எரிந்து விழுந்தாள் என்பது அரண்மனை ரகசியம். கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.